‘அருகுகாண்’ வந்த பதிப்பு: அலைமுனைக்கு விடுத்த ஆணை

வெண்குடை நாட்டில் மழை அளவோடு பொழிக. அலைமுனைக் கோட்டையும் துறையும் அங்குள்ள குடிகளும் நலம் பெறுக. கடற்காவல் தலைவர் கோடன் வல்லத்தரையர் காண, தலைமை அமைச்சர் ஓவூர் மதிவாணனார் எழுதுவிக்கும் ஓலை.

வெள்ளம் ஏறிய அன்று, ஒவ்வோர் ஊருக்கும் அண்மையிலுள்ள துறையை அறிந்து ஓடம் அனுப்புமாறும், அதற்கு ஏட்டுப்பொறியில் ‘அருகுகாண்’ என்னும் செயலை ஏவுமாறும் தலைநகர் பணித்தது. நாட்டின் ஊர்களையும் துறைகளையும் தன்னுள் வைத்து, கேட்டதற்கு விடை தரும் அப்பொறி அலைமுனையில் மட்டும் அசையவில்லை. ஓடங்கள் பிந்தின, கீழைச்சேரி மூழ்கியது. பொறிகாப்பாளர் எயினி, அப்படியொரு செயலைத் தம் பொறி அறியாது என்றதாகவும், பொறிக்கு நா எழவில்லையா உனக்கு மனம் எழவில்லையா என்று நீர் கேட்டதாகவும், வளர்பிறை முடிந்ததும் அவரை ஆளில்லாத் தீவுக்கு ஓடமேற்றத் தீர்ப்பளித்ததாகவும் எழுதியிருந்தீர்.

அதைப் படித்தது முதல் அமைச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொறியின் கையேட்டில் அச்செயலின் பயன் இருந்தது, ஏவும் முறை இருந்தது. பொறியில் பூட்டும் உருளைகளுள் எந்தப் பதிப்பில் அது வந்தது என்பது மட்டும் இல்லை. அவையோரைக் கேட்டபோது, அது என்றும் உள்ளதே என்றனர். ஞாயிறு எந்தப் பதிப்பில் வந்தது என்றும் ஆராய்வீரோ என்று ஒருவர் நகைத்தார். அமைச்சர் எழுந்து, தலைநகரில் வழக்கொழிந்த ஐந்தாம் பதிப்பின் உருளையைப் பொறியில் பூட்டச் செய்து ‘அருகுகாண்’ என ஏவினார். பொறி வாளாவிருந்தது. ஆறாம் பதிப்பின் உருளையை மாட்டியதும், துறையின் பெயர் பொறித்த தகட்டை உடனே வெளியே தள்ளியது. அலைமுனையில் இருப்பது ஐந்தாம் உருளையே, ஆறாவது இன்னும் அனுப்பப்படவில்லை என்பதை, உருளைகளை அனுப்பும் ஏட்டகத்தின் தலைவர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

ஆதலின் மன்னர் அருளிய ஆணையாவது: கையேட்டில் ‘அருகுகாண், ஆறாம் பதிப்பு முதல்’ என்று பொறிக்கப்படுக. இனி எச்செயலும் தான் தோன்றிய பதிப்பைக் குறிக்காமல் எழுதப்படாதிருக்க. எயினி மெய்யே உரைத்தார். அவருடைய பதவியும் பொறிச்சாவியும் ஊர்மன்றத்தின் முன் திரும்பத் தரப்படுக. கீழைச்சேரி மக்களுக்குத் தலைநகரே விடை சொல்லும்.

நாரை இலச்சினை இடப்பட்டது. அரக்கு ஆறுமுன் குதிரை புறப்படுகிறது. இவ்வோலை சேருமுன் எயினியை ஏற்றிய ஓடம் துறை நீங்கியிருப்பின், ஆள் அனுப்புதல் வேண்டா. நீரே பின்சென்று அழைத்து வருக.