ஆறு தார்ப்பாயில் இருபத்தேழு கூரைகள்

அனுப்புநர்:
புகைப்பட நிலைய உரிமையாளர்,
தேவாலய நிவாரணக் குழுச் செயலாளர்,
கடைத்தெரு முனை, மருந்துக் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு நிவாரண அலுவலர் அவர்கள்,
புயல் நிவாரணப் பிரிவு.

பொருள்: கீழத்தெருவில் இருபத்தேழு வீடுகளுக்கும் கூரை மூடப்பட்டதாக எங்கள் தேவாலயம் அளித்த அறிக்கை பொய் என்பதைத் தெரிவித்தலும், அந்தப் பொய்யைச் செய்தவன் மீது நடவடிக்கை கோருதலும்.

பார்வை: எங்கள் நிவாரணக் குழுவின் அறிக்கை, இணைப்பு: படங்கள் 27.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. புகார் மனு என்றால் பிறர்மேல் எழுதுவதுதான் வழக்கம். இந்த மனுவில் புகார் கொடுப்பவனும் நானே, புகாருக்கு உரியவனும் நானே. இதை எந்தப் பிரிவில் பதிவது என்று தங்கள் அலுவலர்கள் குழம்பினால், அந்தச் சிரமத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2. புயல் அடித்த காலையில் எங்கள் போதகர் தேவாலயக் கதவுகளை அகலத் திறந்துவிட்டார். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று ஒருவரையும் கேட்கவில்லை. நான்கு நாட்கள் ஏறக்குறைய இருநூறு பேர் அங்கே இருந்தார்கள். பீடத்தின் படியில் பச்சைப் பிள்ளையோடு ஒரு தாய் படுத்திருந்தார். போதகரின் மனைவி அடுப்படியை விட்டு நகரவே இல்லை. இவற்றை எங்கள் தவறுக்கு ஈடாகச் சொல்லவில்லை. இவ்வளவும் செய்த கைகள்தான் அடுத்த வாரம் அதையும் செய்தன என்பதற்காகவே சொல்கிறேன்.

3. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. மக்கள் வீடு திரும்பினார்கள். கீழத்தெருவில் இருபத்தேழு வீடுகளின் தகரக் கூரைகளையும் காற்று கொண்டுபோயிருந்தது. ஒரு வீட்டின் தகரம் குளத்தில் கிடந்தது. பல வீடுகளின் தகரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்களிடம் இருந்தவை ஆறு தார்ப்பாய்கள். இரண்டு நாளில் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு லாரி புறப்படும் என்றும், அதற்குள் செய்த வேலைகளின் படங்களை அனுப்பினால் உதவுகிறவர்கள் இன்னும் தாராளமாகக் கொடுப்பார்கள் என்றும் தலைமைச் சபையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். பேசியது என்னிடம்.

4. பிறகு நடந்தது என் யோசனை. போதகரின் யோசனை அல்ல, குழுவின் யோசனையும் அல்ல. ஆறு தார்ப்பாய்களை முதல் ஆறு வீடுகளில் கட்டினோம். வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். கட்டியதை அவிழ்த்தோம். அடுத்த ஆறு வீடுகளில் கட்டினோம். மறுபடியும் படம், மறுபடியும் அவிழ்த்தல். நாளை வரப்போகிற தார்ப்பாயை இன்றே காட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலைக்குள் இருபத்தேழு படங்களும் ஆகிவிட்டன. தார்ப்பாய் ஒன்றே என்று கண்டுபிடிக்க முடியாதபடி, கிழிசல் இருந்த மூலை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத் தொழில் அனுபவம் அதற்கு உதவியது.

5. மூன்றாவது வீடு, தெருவில் இஸ்திரி அக்கா என்று எல்லாரும் அழைக்கும் பெண்மணியுடையது. அவருடைய கணவர் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். துணி தேய்க்கும் தள்ளுவண்டியும் வெள்ளத்தோடு போயிற்று. தார்ப்பாய் கட்டியதும் அவர் உள்ளே ஓடி, ஈரமான கட்டிலைக் கணவரோடு சேர்த்து அதன் நிழலுக்கு இழுத்துப் போட்டார். நான் வெளியே கூப்பிட்டேன். “கொஞ்சம் சிரிங்க அக்கா. கொடுத்தவங்க பாப்பாங்கல்ல” என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, சிரித்தார். அவருடைய மகளின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். என் கேமரா முன்னால் சிரித்துப் பழகியவர். நாங்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியதும், “என்ன தம்பி, அவுக்கிறீங்க?” என்று கேட்டார். “நாளைக்குப் புதுசே வருதுக்கா” என்றேன். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுக் கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுக்கத் தொடங்கினார். உதவிக்கு ஒரு கை கொடுக்கக்கூட நான் நிற்கவில்லை. வெளிச்சம் போய்விடும் என்ற அவசரம்.

6. போதகர் அப்போது தெருவில்தான் இருந்தார். அவிழ்ப்பதைப் பார்த்தார். “இன்னும் வருதுல்ல?” என்று கேட்டார். “வருது ஐயா” என்றேன். அவர் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

7. லாரி வந்தது. அரிசி வந்தது, போர்வை வந்தது, துணிமூட்டைகள் வந்தன. ஒரு தார்ப்பாய்கூட வரவில்லை. ஓட்டுநரிடம் கேட்டேன். “உங்க ஊர்லதான் கூரை வேலை முடிஞ்சு போச்சாமே, போட்டோ பாத்தாங்களாம். தார்ப்பாயெல்லாம் வேற ஊருக்கு ஏத்திட்டாங்க” என்றார். பாராட்டுவது போலத்தான் சொன்னார். என் வாய்க்குள் மண் விழுந்தது போலிருந்தது. அப்போதே தொலைபேசியை எடுத்து உண்மையைச் சொல்லியிருந்தால், மறுநாளே ஏதாவது வந்திருக்கும். எடுக்கவில்லை. செயலாளர் என்ற பெயர் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

8. படங்களோடு தலைமைச் சபைக்கு அனுப்பிய அறிக்கையின் பிரதி ஒன்று தங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நானே. அதை நம்பி, கூரைத் தகடுகள் வழங்கும் பட்டியலில் அந்த இருபத்தேழு வீடுகளுக்கும் எதிரே “தேவாலயம் மூலம் சரிசெய்யப்பட்டது” என்று குறிக்கப்பட்டது. தங்கள் அலுவலர்கள் மீது இதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு தேவாலயத்தின் முத்திரை போட்ட தாளை நம்புவது தவறா?

9. புயல் கடந்த நான்காவது வாரத்தில் இஸ்திரி அக்கா என் நிலையத்துக்கு வந்தார். மேல்முறையீட்டு விண்ணப்பத்துக்கு ஒட்டச் சிறிய படம் ஒன்று வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கைப் போட்டேன். நெஞ்சில் சளி கட்டியதுபோல் இருமிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில், “கொஞ்சம் சிரிங்க அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

“வேணாம் தம்பி. போன தடவ சிரிச்சதுக்கே இன்னும் நனைஞ்சுகிட்டுக் கெடக்கோம்” என்றார்.

பிறகுதான் விவரம் சொன்னார். தங்கள் அலுவலகத்தில் அரைநாள் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் சன்னலில் இருந்த எழுத்தர் கோப்பிலிருந்து என் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். “இது நீங்கதானே? கூரைக்குக் கீழ நின்னு சிரிச்சுகிட்டுதானே இருக்கீங்க? அப்புறம் கூரை இல்லன்னா எப்படிம்மா?” என்று கேட்டிருக்கிறார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ, “ரெண்டு பக்கமும் வாங்கப் பாக்குது” என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். “ஏங்க்கா, நடந்ததச் சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டேன். “சொன்னா கோயில் பேருதானே கெடும். நாலு நாள் சோறு போட்ட எடம்” என்றார். நான் விளக்கை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

10. இனி எழுதப்போவதை இரண்டாம் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்த மனுவை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்று முறையும் இதை விட்டுவிட்டே எழுதினேன். அன்று மாலை ஆறு தார்ப்பாய்களும் கடைசியாகக் கட்டிய ஆறு வீடுகளிலேயே இருந்துவிட்டன. அந்த ஆறு வீடுகளும் எங்கள் சபையார் வீடுகள். தற்செயல் அல்ல. எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிப்பது என்ற வரிசையைக் காலையிலேயே தாளில் எழுதியவன் நான். அதில் ஒரு வீடு என் மைத்துனருடையது. கதவைத் திறந்தபோது யாரிடமும் கேட்காத கேள்வியை, கயிற்றைக் கட்டும்போது நான் யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டேன்.

11. இதைப் போதகரிடம் போய்ச் சொன்னேன். “அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன்ல, வருதான்னு? நீ ஆமான்னு சொல்லணும்னுதான் கேட்டேன். எனக்கும் பங்கு இருக்கு” என்றார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் இதைச் சொன்னார். என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். குழுவிலிருந்து இருவர் அன்றே விலகிக்கொண்டார்கள். “வீட்டுக் குப்பைய வீதியில கொட்டுறியே, வெக்கமா இல்லையா?” என்று ஒருவர் வாசலில் வைத்துக் கேட்டார். வெட்கம் இருந்தது, ஆனால் அவர் கேட்ட காரணத்துக்காக அல்ல. தார்ப்பாய் கிடைத்த ஆறு வீட்டாரில், தையல் வேலை செய்யும் ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்த் தன் தார்ப்பாயை அவிழ்த்து, மடித்து, தலையில் வைத்துக் கொண்டுவந்து இஸ்திரி அக்கா வீட்டில் கட்டிக்கொடுத்தார். மற்ற ஐவரும் அவிழ்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தலைக்கு மேல் இருப்பது ஒற்றைத் துணி.

12. இந்த மனுவில் சாட்சியாகக் கையெழுத்திடும்படி இஸ்திரி அக்காவைக் கேட்டேன். மறுத்துவிட்டார். “நீங்க சொன்னீங்கன்னு ஒரு தடவ நின்னேன், போதும். உங்க பாவத்த நீங்களே எழுதிக் குடுங்க” என்றார். அது நியாயம் என்று பட்டதால் என் கையெழுத்தும் போதகரின் கையெழுத்தும் மட்டுமே இதில் உள்ளன.

ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

இருபத்தேழு வீடுகளின் பெயரையும் கூரைத் தகடு பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும். தார்ப்பாய் உள்ள ஆறு வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. தார்ப்பாய் கூரை ஆகாது. இஸ்திரி அக்காவின் விண்ணப்பத்தை முதலில் எடுக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் பொய்க்காரி ஆக்கப்பட்ட அவரிடம், தவறு அவருடையதல்ல என்று அதே சன்னலில், வரிசை நிற்கும் நேரத்தில், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். என் படங்களைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டாம். அவற்றின் மேல் “பொய்” என்று எழுதி, இந்த மனுவுடன் சேர்த்து வையுங்கள். பொய்யான அறிக்கை அளித்ததற்குச் சட்டப்படி என்ன உண்டோ அதை என் மேல் எடுங்கள். அழைத்த நாளில் வருவேன்.

நேரில் பார்வையிட யாரையாவது அனுப்புவீர்கள் என்று நம்புகிறேன். கூட வந்து வழிகாட்டத் தயாராக இருக்கிறேன். கேமரா எடுத்துவர மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வெயில் நாளில் அனுப்ப வேண்டாம். வெயிலில் கீழத்தெரு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துணி காயும், பிள்ளைகள் விளையாடும். மழை பிடித்து ஒரு மணி நேரம் கழித்து அனுப்புங்கள். எந்த வீட்டு வாசலிலும் நிற்காமல், தயவுசெய்து உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்,

(கையொப்பம்)
புகைப்பட நிலைய உரிமையாளர்

மேற்கண்டவை உண்மை. இதில் எனக்கும் பங்குண்டு.
(கையொப்பம்)
போதகர்

இடம்: கடைத்தெரு
நாள்: புயல் கடந்த நாற்பத்தோராம் நாள், திங்கட்கிழமை