கருப்பணன் மகன் நாச்சிமுத்து

உங்கள் மஞ்சப்பையைப் போன வாரம்தான் பிரித்தேன், அப்பா. பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நீங்கள் போட்டு வைத்தது. காகிதம் ஒன்றுகூடக் கெடவில்லை. கெட்டுத் தொலைந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நானாக அதைத் தொடவில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் போன் செய்தார்கள். புது மண்டபத்தில் கல் பதிக்கிறார்களாம். ஊருக்கு முதலில் குடிவந்தவர் என்று பெரிய நாச்சிமுத்துவின் பெயரைப் போடுவதா விடுவதா என்று கேட்டார்கள். "உங்கப்பா வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, உங்கள் பையை எடுத்தேன்.

பெரிய நாச்சிமுத்து உங்கள் அப்பாருக்கே அப்பாரு, அதாவது தாத்தாவுக்குத் தாத்தா. பஞ்சத்தில் ஈரோட்டுப் பக்கமிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு உடுமலைக்குத் தெற்கே வந்து காடு திருத்தியவர் என்பது வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்களுக்கு அது போதவில்லை. கதையை எவனும் சொல்லலாம், காகிதம் வேண்டும் என்றீர்கள். உங்களைக் காரில் வைத்து ஆபீஸ் ஆபீசாக ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. ரிட்டையர் ஆனவர்கள் காசிக்குப் போவார்கள், நீங்கள் ரெக்கார்டு ரூமுக்குப் போனீர்கள்.

கோயமுத்தூர் கோர்ட்டில் அந்த ஊழியர் உங்களை ஏற இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"ஏனுங்க பெரியவரே, இனிமேலும் கேசு போடறீங்களா?"

"கேசு இல்லீங்க. ஆளைத் தேடறேன்."

"ஆளு எங்கீங்க இருக்காரு?"

"அவரு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆகுதுங்க."

அவர் சிரித்துவிட்டு உங்களுக்கு ஃபேனடியில் நாற்காலி போட்டார். நீங்கள் பழைய காகிதக் கட்டைத் திருப்பிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "பேரைப் பாக்காதே அம்மணி, தேதியைப் பாரு. பேரு ஊரெல்லாம் கெடக்கும்." நம் வீட்டுக்கு அது ரொம்பவே பொருந்தும். அப்பாரு பெயர் பேரனுக்கு என்பது நம் வழக்கம். கருப்பணன் மகன் நாச்சிமுத்து, நாச்சிமுத்து மகன் கருப்பணன், மறுபடியும் கருப்பணன் மகன் நாச்சிமுத்து. அப்பன் பெயரைச் சேர்த்துப் படித்தாலும் எந்த ஆள் என்று தெரியாது. உங்களுக்கும் அதே பெயர்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று உங்கள் அம்மா கடைசிவரை உங்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலில் கிடைத்தது நல்ல காகிதம். பெரிய நாச்சிமுத்து, தன்னோடு கூட நின்று கிணறு வெட்டிய மாரன் என்பவருக்கு, கிணற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தை எழுதிக் கொடுத்த பத்திரம். பண்ணையாளுக்குப் பத்திரம் போட்டு நிலம் கொடுத்த மனிதர் நம் வீட்டில் இருந்திருக்கிறார். அன்றைக்குப் பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தீர்கள். நமக்கு வாய்த்த ஆளைப் பார்த்தாயா என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தீர்கள்.

அப்புறம் தீர்ப்பு நகல் வந்தது. அதே பேக்கரியில் உட்கார்ந்து பிரித்தோம். 'கருப்பணன் மகன் நாச்சிமுத்து' மாரனின் மகன் மேல் வழக்குப் போட்டிருந்தார். நிலத்தைக் கொடுக்கவில்லை, பத்திரம் சும்மா பேருக்கு எழுதியது, உழுது பிழைக்க விட்டதுதான் என்று சத்தியம் செய்து, சாட்சிகளும் வைத்து, அதே நிலத்தைத் திரும்ப வாங்கியிருந்தார். நீங்கள் படித்தீர்கள், மடித்துப் பையில் வைத்தீர்கள். வாங்கிய டீயைத் தொடவில்லை. பொள்ளாச்சி தாண்டியதும் சொன்னீர்கள்.

"குடுத்த கையே புடுங்கிப்போட்டுது அம்மணி. அந்தாளு பேரு கல்லுல வேண்டாம்."

அந்த நிலம் வேறெங்கும் போகவில்லை. நம் கிழக்குத் தோப்பு அதுதான்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாரனின் வழியில் இன்றைக்கு ஊரில் இருப்பது ஸ்டெல்லா டீச்சர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்த நம் வீட்டு ஆம்பிளை நீங்கள் ஒருத்தர்தான். "எங்க மூத்தவரு, பெரிய நாச்சிமுத்து, உங்க ஆளுகளுக்குத் துரோகம் பண்ணிப்போட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றீர்கள். டீச்சர் உங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரிங்கய்யா. ஆறிப்போகுது, குடிங்க" என்றார். திரும்பி வரும்போது எனக்கு ஒரே பெருமை. எத்தனை பேருடைய அப்பா இப்படிச் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே கிழக்குத் தோப்பை என் பெயருக்கு எழுதி வைத்தீர்கள்.

போன வாரம் பையிலிருந்ததைப் படுக்கை மேல் பரப்பினேன். எப்போதும் பழையது அடியில், புதியது மேலே என்று தேதி வரிசையில் அடுக்குகிற ஆள் நீங்கள். ஒரு தாள் இடம் மாறியிருந்தால்கூட என்னைத் திட்டுவீர்கள். அந்தக் கட்டில் தீர்ப்புக்கு அடியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. பெரிய நாச்சிமுத்துவின் மகன்கள் பங்கு பிரித்துக்கொண்டது. 'எங்கள் தகப்பனார் காலஞ்சென்றபடியால்' என்று தொடங்குகிறது. தேதியைப் பார்த்தேன். வழக்குக்கு ஒரு தலைமுறை முந்தியது.

செத்தவர் வழக்குப் போடமாட்டார். போட்டது அவருடைய பேரன். உங்கள் அப்பாரு.

தகப்பன் இல்லாத உங்களை வளர்த்தவர். சந்தைக்குத் தோளில் தூக்கிப் போனவர். காட்டுக்கு ஆள் வேண்டும் என்று ஊரே சொன்னபோதும் உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். "அப்பாரு தின்னு நான் பாத்ததில்ல, எனக்கு ஊட்டித்தான் பாத்திருக்கேன்" என்பீர்கள். 

உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, அப்பா. காலமெல்லாம் பத்திரத்தில் தேதி பார்த்த கண் இந்த ஒரு தேதியில் மட்டும் தவறாது. அந்தப் பேக்கரியிலேயே தெரிந்திருக்கும். யாரும் முகம் பார்த்திராத பழைய ஆள் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். கொடுத்தவரைத் திருடராக்கிவிட்டு, திருடியவரை மாலை போட்ட படமாகவே வைத்துக்கொண்டீர்கள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொய்யைத்தான் கொண்டுபோனீர்கள். எனக்குக் கோபம் பொங்குகிறது. உங்கள் படத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன். திட்டி முடித்ததும் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தோப்பு என் கைக்குச் சுத்தமாக வரட்டும் என்று செய்தீர்களா, அப்பாருக்காகச் செய்தீர்களா? இரண்டும் எனக்குப் புரிகிறது. இரண்டையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கமிட்டிக்குப் போன் செய்து பெரிய நாச்சிமுத்துவின் பெயரைப் போடச் சொன்னேன். அது சுலபம். முந்தாநாள் காகிதக் கட்டோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, அது மூத்தவர் இல்லை, எங்கள் அப்பாவை வளர்த்தவர் என்று சொன்னேன்.

"உள்ள வாங்க. தெரியுமுங்க."

உள்ளே போய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பெரிய நாச்சிமுத்து குடுத்தாரு, சின்ன நாச்சிமுத்து புடுங்குனாருன்னு எங்க ஊட்டுல சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க. கோர்ட்டுல நின்னது எங்க தாத்தா. நான் இஸ்கூல் போறப்பகூட அவரு இருந்தாரு. சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

"அன்னைக்கே எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க டீச்சர்."

"எப்படிங்க சொல்றது? அய்யா கை நடுங்குது, டம்ளரைப் புடிக்க முடியல. அப்பாரு வளத்த புள்ளைன்னு ஊருக்கே தெரியும். அந்த வயசுல அவருகிட்ட இருந்து அதைப் போயி புடுங்கறதாங்க?"

நீங்கள் மறைத்ததை அவர்களும் சேர்ந்து மறைத்தார்கள், அப்பா. உங்களுக்காக. இதை உங்களிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பும்போது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தீர்ப்பு நகலை எனக்குத் தாரீங்களா? எங்க தாத்தன் சொன்னது பொய்யில்லைன்னு எம்பட பசங்களுக்குக் காட்டோணும்." தீர்ப்பையும், பெரிய நாச்சிமுத்து எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு முதலில் தேதியைத்தான் பார்த்தார்.

தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வக்கீலைப் பார்க்கிறேன் என்றாவது, முடியாது என்றாவது ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். கேட்காததற்கு என்ன பதில் சொல்வது?

கிழக்குத் தோப்பில் தேங்காய் முற்றிக் கிடக்கிறது, அப்பா. வெட்டுக்கு ஆள் வரச் சொல்லட்டுமா என்று காலையில் தோட்டத்துக்காரர் கேட்டார். பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.