பேனரில் இருக்கும் உன் கடல்பசு

தொண்டி

அன்பு மகள் மர்வாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ் கிருபையில் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்கு முட்டுவலி தேவலை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இறால் பண்ணைக் கழிவைக் கடலில் விடாதே என்று நம் ஆட்கள் போராடியபோது, வாயில் குழாய் திணித்த கடல்பசுவை வரைந்து அனுப்பினாயே, அதைப் பண்ணைக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். குழாயை அழித்துவிட்டு, 'கடலைக் காப்போம்' என்று தங்கள் பெயரைப் போட்டு ரோட்டோரம் பேனர் கட்டியிருக்கிறார்கள். படத்தில் உன் பெயர் இல்லை. பண்ணைக்காரர்களோடு நடந்த பேச்சுவார்த்தையில் நம் ஆட்களின் வக்கீல் நாகஜோதி படத்தை என்னிடம் காட்டி, "இது உங்க மக வரைஞ்சதுதானம்மா?" என்று கேட்டாள். எதிரே பண்ணை மேலாளர். போராட்டத்தில் உன் பெயர் அடிபட்டால் மாப்பிள்ளை வேலைக்கு என்ன ஆகுமோ, உன் மாமியார் என்ன பேசுவாரோ என்று பயந்துவிட்டேன். "எம் புள்ளைக்குப் படமெல்லாம் வரையத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன் மகளே. மேலாளர் சிரித்து, "பெத்தவுகளே சொல்லிட்டாக, இது ஆளில்லாத படம்" என்றார். பக்கத்தில் இருந்த மீன்கார வெள்ளையம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்த பிறகும் நாகஜோதி கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "வரைஞ்சதுமே அது அவளுக்குச் சொந்தம்மா, எங்கயும் பதியணும்னு இல்ல. போராட்டத்துக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுத்ததா ஆயிராது. சிதைச்சு வச்சா தட்டிக் கேக்கலாம், ஆனா அவதான் கேக்கணும்" என்றாள். இரவெல்லாம் தூக்கமில்லை. அடுத்த கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமலே போய், "நான் சொன்னது பொய், எம் மக மர்வா வரைஞ்சது" என்று எழுந்து சொன்னேன். "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, எதைம்மா நம்புறது?" என்றார் மேலாளர். பேனர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அந்த வழியாகப் போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

நீ முதலில் வரைந்த படமும் அனுப்பிய தேதியும் உன்னிடம் இருந்தால் நாகஜோதிக்கு அனுப்பு. பயமாக இருந்தால் விட்டுவிடு. எதுவானாலும் உன் முடிவு, இனி உனக்காக நான் வாய் திறக்க மாட்டேன். இனிமேல் வரைந்தால் ஓரத்தில் பெயரைப் போடு, யாருக்கு எதற்குக் கொடுக்கிறாய் என்று இரண்டு வரி எழுதிக் கொடு.

போன் செய்தால் முதலில் வாப்பாவிடம் பேசு, எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக.

படம் வரைந்த மர்வாவின் உம்மா,
காலிதா