சோமனூர் இல்லீங்க

மகளின் வளைகாப்புப் பத்திரிகை ஒன்று மிச்சமிருந்தது. வாக்கிங் போன கணவர் பாலுசாமி திரும்புவதற்குள், அதன் பின்பக்கத்தில் பூங்கொடி வேகமாக எழுதினாள்.

“ஏனுங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. சாவி செருப்பு ஸ்டேண்டுக்கு அடியில. தங்கச்சியைப் பார்க்க சோமனூர் போறேன்.”

பொய். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகிறது. மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி, ஓயாத உப்புசம். “வாயுதான், ஓமத்தண்ணி குடி அம்மணி” என்றார் பாலுசாமி. குடித்தாள். பாவாடை நாடாவோ முடிச்சுப் போட எட்டாமல் போனது. வளைகாப்பன்று, “மாசமா இருக்கறது மகளா, அம்மாளா?” என்று நாத்தனார் கேட்டதற்கு உரக்கச் சிரித்தவரும் அவர்தான். அன்றோடு கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றது.

நேற்று தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா நிமிரவே இல்லை. “நாளைக்கு வரப்ப வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

கதவைப் பூட்டி, சாவியைச் செருப்பு ஸ்டேண்டுக்கு அடியில் வைத்தாள். பூங்கொடி மறுபடி திறந்தாள். சோமனூரை அடித்துவிட்டு, அடியில் நெருக்கி எழுதினாள்.

“சோமனூர் இல்லீங்க, ஆஸ்பத்திரி. உங்களையும் வரச் சொன்னாங்க. பத்தரை வரைக்கும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன். சிரிச்சதை அப்புறம் பேசிக்கலாம். வந்துருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.”