ரேடியோ செட்டுக்காரர் மகளின் கட்டுரை

பிப்ரவரி 3, திங்கள்

ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். தலைப்பு நான் கொடுத்ததுதான்: 'ஊர்க் கோயில் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டி விடிய விடிய ரேடியோ செட்டு ஓடலாமா, கூடாதா? ஒரு பக்கம் நின்று ஆதாரத்தோடு எழுதுக.' ஆதாரம் என்றால் என்னவென்று தொண்டை வற்றக் கத்தினேனே! பாதிப் பேர், 'இது உண்மை, காளியாத்தா சத்தியம்' என்று முடித்திருக்கிறார்கள். பாண்டீஸ்வரன் சூடம் எரிகிற மாதிரி படம் வேறு வரைந்திருக்கிறான். ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் வழக்கு முடிக்கிற லட்சணம் அதுதானே, பிள்ளைகளைச் சொல்லி என்ன? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மதிப்பெண்தான் போட முடியவில்லை.

பிப்ரவரி 4

மாரீஸ்வரி கட்டுரை. ராத்திரி பத்து மணிக்கு மேல் செட்டு வேண்டாம் என்கிறாள். போன புரட்டாசிப் பொங்கலுக்கு மறுநாள் வகுப்பில் தூங்கினவர்கள், பேர் பேராக. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பால் குடிக்காமல் அலறியது, அதன் அம்மா சொன்ன வார்த்தையிலேயே. வேண்டும் என்கிறவர்கள் சொல்வதையும் எழுதி, அதற்குப் பதிலும்! தூங்கினவர் வரிசையில் கடைசியாக — 'டீச்சரும் நாற்காலியில் கண் அசந்தார்கள்.' அடிப்பாவி! உண்மைதான். நானும் இந்த ஊரில்தானே குடியிருக்கிறேன்.

பத்துக்கு ஒன்பது.

ஆனால் ஊரில் ரேடியோ செட்டு வைத்திருப்பதே அவள் அப்பா தங்கபாண்டிதான். அந்த வாடகையில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

பிப்ரவரி 6

சிறந்த கட்டுரையை எழுதின பிள்ளையே அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தலைமையாசிரியர் சுந்தரபாண்டி சார் பதறுகிறார்: "வேற ஒண்ண எடுங்க டீச்சர். அந்த ஆளு கோவக்காரரு. புள்ளைய வீட்டுல நிப்பாட்டிட்டா என்ன செய்வீக?"

ஜோதிகா கட்டுரையை எடுத்தால் வம்பில்லை. ஆனால் அதில் பாதி சத்தியம். அப்புறம் எதற்கு ஆதாரம் ஆதாரம் என்று கத்தினேன்? மாரீஸ்வரியையே கேட்டேன்.

"வாசிக்கேன் டீச்சர். பொய் ஒண்ணும் எழுதலையே."

பிப்ரவரி 13

பயமா இருக்கு. அந்தப் புள்ள அடி வாங்குனா நான்தான காரணம்?

பிப்ரவரி 14

வாசித்தாள், குரல் நடுங்காமல். தங்கபாண்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் கை தட்டவில்லை. அவர் எழுந்தார்.

"ரெண்டாம் நாளு ராத்திரி ஓடுனது எஞ் செட்டு இல்ல. காரியாபட்டிக்காரன் செட்டு. அத எழுதாம விட்டுட்டா. நான் பதில் எழுதித் தாரேன், திருத்துங்க டீச்சர்."

கோபமா, விளையாட்டா? முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 17

மாரீஸ்வரி வந்துவிட்டாள்!

"அப்பா அடிச்சாரா?"

"இல்ல டீச்சர். நேத்து பூரா ஒக்காந்து எழுதுனாரு. எங்கிட்டத்தான் கோடு போட்ட தாளு கேட்டாரு."

தாளை நீட்டினாள். அப்பாடா! அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன், வெட்கங்கெட்டவள்.

பிள்ளைகளுக்குத் திருத்தின மாதிரியே திருத்தினேன். கருத்து தெளிவு. காரியாபட்டி செட்டு விஷயம் நியாயம்தான். 'விடிய விடியக் கேட்கத்தான் ஊர்ச்சனம் ஆசைப்படுது' — யாரைக் கேட்டார்? ஆதாரம் ஒன்றும் இல்லை. பத்துக்கு ஐந்து.

பிப்ரவரி 18

காலையில் பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு நிற்கிறார். மகள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"எம் மகளுக்கு ஒம்போது, எனக்கு அஞ்சா டீச்சர்?"

"ஆதாரம் பத்தலைண்ணே."

தலையைச் சொறிந்தார். "சரி. வார பங்குனிப் பொங்கலுக்கு மொத நா பத்து மணியோட நிப்பாட்டுறேன். மறுநா விடிய விடிய ஓட்டுறேன். எது தேவலன்னு வீடு வீடாப் போயி நானே கேட்டு எழுதுறேன். அப்ப மார்க்கு கூட்டிப் போடுவீகள்ல?"

போடுகிறேன் என்றேன்.

மாரீஸ்வரி வண்டியை விட்டு இறங்கினாள். "நீங்க போகாதீகப்பா. ஒங்களப் பாத்தா எல்லாரும் பயந்துக்கிட்டு ஒங்களுக்குத் தோதாத்தான் சொல்லுவாக. நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."