இரண்டு தராசுகள், ஒரு போர்டு

6 ஜூலை 2009, திங்கள்
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மலைச்சாமி அண்ணனின் கமிஷன் கடைக்குத்தான் இந்த வேலை. இரண்டு எலெக்ட்ரானிக் தராசுகள், மேலே இரண்டு பெரிய எண் பலகைகள், நடுவில் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு. பூ கொண்டுவருபவர் தன் எடையைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். தராசில் பழைய சீரியல் பிளக், போர்டில் யு.எஸ்.பி. மட்டுமே. இணைக்க, தராசுக்கு ஒன்றாக இரண்டு கன்வெர்ட்டர்கள் செருகினேன். போர்டு கண்டுகொள்ளவே இல்லை.

7 ஜூலை
கன்வெர்ட்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் போர்டுக்குள் இல்லை. சேர்த்தேன். இப்போது எடைக்குப் பதில் கிறுக்கல் வருகிறது.

8 ஜூலை
தராசு 2400 வேகத்தில் அனுப்புகிறது, நான் 9600-ல் படித்துக்கொண்டிருந்தேன்! மாற்றியதும் எடை வந்தது. ஒத்தக்கடையில் எங்கள் ஆபீசில் யாருமில்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

10 ஜூலை, வெள்ளி
சும்மா ஒருமுறை பவரை எடுத்துவிட்டுப் போட்டேன். முதல் தராசில் சோதனைக்கு வைத்த செங்கல்லின் எடை இரண்டாவது பலகையில் நிற்கிறது. போர்டு எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதையே முதல் தராசு என்று எடுத்துக்கொள்கிறது. ஒருத்தர் மல்லி இன்னொருத்தர் கணக்கில் – இப்படி நடந்தால்?

எங்கள் முதலாளி நாகசுப்பிரமணியன் சாரிடம் காட்டினேன். திங்கட்கிழமை வைப்பதாகச் சொல்லியாயிற்று, ஆஃப் பண்ணாதீர்கள் என்று கடையில் சொல்லிவிடலாம் என்றார். மதுரையில் கரண்ட் போகாத நாள் எது?

"வேணாம் சார். நான் சரின்னு சொல்லாம இது கடைக்குப் போகக் கூடாது."

நானா பேசினேன்? சார் எழுந்து போய்விட்டார். வேலை போயிருமோ? போனா போகட்டும். தப்பா காட்டுற மிஷினை எப்படிக் கொடுக்கிறது?

11 ஜூலை
இரண்டு கன்வெர்ட்டர்களும் ஒரே அச்சு. தனி அடையாள எண்ணும் கிடையாது. எதை வைத்துப் பிரிப்பது?

12 ஜூலை, ஞாயிறு
கன்வெர்ட்டரை ஏன் பார்க்க வேண்டும்? போர்டில் அது செருகியிருக்கும் துளையைப் பார்த்தால் போதாதா? இடது துளையில் இருப்பது இடது தராசு, வலது துளையில் இருப்பது வலது தராசு. இரண்டே வரி விதி. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த போர்டையும் தராசுகளையும் கூடத்தில் வைத்து, பவரைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். மாறவில்லை. சோறு ஆறுகிறது என்று அம்மா எங்கள் சௌராஷ்டிர மொழியில் திட்டினாள். சிரிப்புதான் வந்தது. சாருக்கு போன் போட்டு, "இப்ப வைக்கலாம் சார்" என்றேன்.

13 ஜூலை
கடையில் கூட்டம். உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சாயி அக்காவின் மல்லி மூட்டை வலது தராசில் இருக்கும்போதே கரண்ட் போனது. தராசுகளுக்கு பேட்டரி உண்டு, போர்டுக்குக் கிடையாது. சார் என்னையே பார்த்தார். கரண்ட் திரும்பியதும் பலகைகள் எரிந்தன. வலது பலகையில் அதே எடை.

"அம்புட்டுத்தான், எழுதிக்கங்கண்ணே" என்று மலைச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு அக்கா அடுத்த மூட்டையைத் தூக்கினார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

3 ஆகஸ்ட்
திண்டுக்கல் மார்க்கெட்டிலிருந்து போன். எட்டுத் தராசுகளை ஒன்றாக இணைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சார் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீயே பேசும்மா. முடியும், முடியாதுன்னு சொல்ல வேண்டியது நீதான்."