பிரயாணம் பண்ணுகிறவர்கள்

ஆரணி
22.9.2025

கர்த்தருக்குள் பிரியமான அமலாவுக்கு,

உன் அத்தை சின்னம்மா எழுதுகிறேன். தேவ கிருபையால் சுகம். நீயும் அந்த ஒசூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நீ பேசுவது எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. நான் "சாப்பிட்டியா" என்று கேட்டால் நீ "ஆமா, மழைதான்" என்கிறாய், அல்லது அப்படி என் காதில் விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் நர்சுக்குக் கை ஒழியாது, தெரியும். இருந்தாலும் மாமியாருக்கு நாலு வரி எழுத உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்கவில்லையா?

நேற்று நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. பலிபீடத்தைச் சுற்றி வாழைத்தார், கரும்பு, நெல், பூசணி என்று நடக்க இடமில்லை. நான் நம் கூரையில் காய்த்த சுரைக்காயைக் கொடுத்தேன். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். மணி அடிக்கும் தருமன் ஒருவரையும் விடாமல் போட்டி போட்டு என் சுரைக்காயை எடுத்து, கடைசியில் என் கையிலேயே கொண்டுவந்து திணித்தான். "நீயே கொழம்பு வைம்மா. எனக்கு ஒரு கிண்ணம் குடுத்தா போதும்" என்றான். நம் இளவரசனோடு சேர்ந்து வளர்ந்த பிள்ளை இல்லையா, அதே கிறுக்கு.

வழக்கம்போல் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்கான ஜெபத்தில் கலைமகள் டீச்சர் இளவரசன் பேரை வாசித்தாள். பத்து வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்த அந்த வாரம், அவனைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கொடுத்த பேர். ஆயர்கள் மாறி மாறி வந்தார்கள், ஒருவரும் அதை எடுக்கவில்லை. தரைவழியாகவும் நீர்வழியாகவும் போகிற எல்லாரோடும் என் பிள்ளையும் இருக்கிறான்.

நீ நம்பமாட்டாய், நேற்றும் வந்தான். வீட்டுக்கு வந்து உலை வைத்ததும் கதவைத் தட்டினான், அவன் எப்போதும் தட்டுவதுபோல் உள்ளங்கையால். திறந்தால் ஆளில்லை. படி மட்டும் நனைந்திருந்தது. மழை பெய்து எத்தனை நாளாயிற்று! எதிர்வீட்டுத் தறிக்காரி கமலமும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, யாரு வந்துட்டுப் போனது? படியெல்லாம் ஈரமாகீது" என்று கேட்டாள். இப்போது சொல், எனக்குப் பைத்தியமா?

கிறிஸ்துமஸுக்கு லீவு சொல்லிவை. உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறேன்.

உன் அத்தை,
சின்னம்மா


ஒசூர்
5.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். சுரைக்காய்க் குழம்பின் வாசனை இங்கே வரை வந்தது. நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை. எழுத வேண்டிய ஒன்றை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஜெயக்குமார் என்று ஒருவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர். இங்குள்ள சபையைச் சேர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன், அத்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அதனால் நவம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். என் பேர் இன்னும் ஆரணிச் சபையில்தான் இருக்கிறது. ஆகவே நம் கோயிலிலும் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். அக்டோபர் பத்தொன்பது, இருபத்தாறு, நவம்பர் இரண்டு. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது வாசிக்கப்படும். அதற்கு முன் உங்களுக்கு நான் சொல்ல வேண்டும் இல்லையா?

எனக்கு அம்மா இல்லாத குறையை நீங்கள்தான் தீர்த்தீர்கள். உங்கள் பிள்ளை வெள்ளத்தில் போன பிறகு என் அண்ணன் கூப்பிட்டும் நான் போகாமல் உங்களோடு இருந்தேன். நர்சிங் படிக்க என்னை அனுப்பியதே நீங்கள்தான். இப்போதும் உங்கள் வாயால் ஒரு சரி வந்தால்தான் எனக்கு நிம்மதி.

கதவு தட்டுவதைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போனில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத உங்கள் காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்கிறது?

உங்கள் மருமகள்,
அமலா


ஆரணி
13.10.2025

அமலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

சின்ன வயசு உனக்கு. கல்யாணம் வேண்டாம் என்று நான் எப்போதாவது சொன்னேனா? யார் அந்தப் பையன், சாதுவா, குடிக்காதவனா, அதெல்லாம் எனக்கு விசாரிக்கத் தெரியும். ஆனால் ஓலையில் என்ன வாசிப்பார்கள்? ஆயரைப் போய்க் கேட்டேன். "காலஞ்சென்ற இளவரசனின் மனைவி அமலா" என்று வாசிப்பார்களாம். அவன் செத்துவிட்டான் என்று கோர்ட்டு கொடுத்த காகிதத்தை அவரிடம் அனுப்பியிருக்கிறாயாம். கோர்ட்டுக்கு என்ன தெரியும்? தரைப்பாலத்துக்குக் கீழே வண்டிதான் கிடைத்தது. சேவூரிலிருந்து பாட்டுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளையை ஆறு எங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டதோ, தலையில் அடிபட்டுப் பேர் மறந்துபோய் எந்த ஊரில் இருக்கிறானோ, யார் கண்டது? அவனுக்காக ஒரு அடக்க ஆராதனை நடந்ததா? ஒரு பிடி மண் போட்டோமா?

என் காதைக் கிண்டல் செய்கிறாய். பெற்ற காது, அதற்கு வேண்டியது கேட்கும்.

ஓலை வாசித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஆயர் கேட்பார். நான் எழுந்து நிற்பேன். சொல்லிவிட்டேன், பிறகு அத்தை துரோகம் செய்தாள் என்று சொல்லாதே.

சின்னம்மா

கட்டில் கயிறு உனக்காகப் போட்டதுதான். அது அப்படியே இருக்கட்டும்.


ஒசூர்
23.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஞாயிறு நடந்ததைக் கலைமகள் டீச்சர் போனில் சொன்னார்கள். நீங்கள் எழுந்து நிற்கவில்லை. எழுந்து நின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆயர் ஓலையில் "காலஞ்சென்ற இளவரசன்" என்று வாசித்தாராம். ஒரு பாட்டு முடிந்து டீச்சர் ஜெபம் வாசிக்க வந்தபோது, தாளில் இருந்தபடியே "பிரயாணத்தில் இருக்கும் எங்கள் சகோதரன் இளவரசன்" என்றார்களாம். சபை ஆமென் சொல்லவில்லை. அவரைப் புதைத்த கையோடு வழியனுப்பியும் வைத்தால் யாருக்குத்தான் வாய் வரும்? "பாதி பேரு என்ன பாத்துகினு கீறாங்க, பாதி பேரு உங்க மாமியார பாத்துகினு கீறாங்க. நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன் அமலா" என்றார்கள் டீச்சர். மூன்றாம் ஓலைக்குள் இரண்டில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் வாசிக்கமாட்டேன் என்று ஆயர் சொல்லிவிட்டார். ஓலை நின்றால் கல்யாணமும் நின்றுவிடும். ஜெயக்குமார் காத்திருப்பார். ஆனால் நான் எத்தனை காலம் இப்படியே இருப்பேன்?

அத்தை, உங்களிடம் நான் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அவர் வருகிறார் என்று நினைக்காதீர்கள். இங்கே எங்கள் கோயிலிலும் அந்த ஜெபம் வரும். தரைவழியாகவும் நீர்வழியாகவும் என்று ஆரம்பித்ததும் எனக்குக் கால் சில்லிடும். அன்று மத்தியானம் கண் அசந்தால் வருகிறார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருக்கிறார், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவருக்கு வயது ஏறவே இல்லை. நான் இப்போது அவரைவிட மூத்தவளாகிவிட்டேன். என்னை அவர் அடையாளம் கண்டுகொள்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. ஒரே பேச்சுதான். "யாரோ கூப்டுகினே கீறாங்க. எந்தப் பக்கம்னு தெரியல. நடந்து நடந்து காலெல்லாம் ஊறிப்போச்சு."

பயத்தால் இதைச் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபையே சேர்ந்து அவரை நடக்கச் சொல்கிறது. அவர் எப்போது உட்காருவார், அத்தை?

நவம்பர் இரண்டு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஓலையும் கல்லறைத் திருநாளும் ஒரே நாள். மரித்தவர்கள் பேரை வாசித்து மணி அடிப்பார்கள். அவர் பேரை அதில் கொடுங்கள். ஓலைக்காகக் கேட்கவில்லை. ஓலையை நிறுத்தச் சொன்னாலும் ஆயருக்கு அப்படியே எழுதி அனுப்புகிறேன். அவரை நிறுத்துங்கள்.

உங்கள்,
அமலா


ஆரணி
3.11.2025

என் அமலாவுக்கு,

நீ நன்றாயிருக்க வேண்டும்.

சனிக்கிழமையே தருமன் வந்து உன் மாமனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொடுத்தான். பக்கத்தில் எனக்கென்று வைத்திருக்கும் இடத்தில் புல் வளர்ந்து கிடந்தது, அதையும் செதுக்கச் சொன்னேன். நேற்று விடிந்ததிலிருந்து தூறல். செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியுமாகச் சனங்கள் குடை பிடித்து நின்றார்கள். ஒரு திரியும் எரியவில்லை. எல்லாருக்கும் அது ஒரே பேஜார்.

ஆராதனையில் ஆயர் ஓலையை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் வாசித்தார். உன் பேர், அந்தப் பையன் பேர், என் பிள்ளை பேர். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். கலைமகள் டீச்சர் "ஐயோ" என்றது எனக்கே கேட்டது.

"ஆட்சேபண ஒண்ணும் இல்லீங்க ஐயா. அந்தப் பொண்ணு நல்லாருக்கட்டும். என் பையன் பேரத்தான் மாத்திப் போட்டுட்டேன். அவன் இனிமே பிரயாணத்துல இல்ல. செத்தவங்களோட சேத்துப் படிங்க" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். உட்கார முடியவில்லை. பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பேர்களை வாசிக்க வாசிக்கத் தருமன் ஒவ்வொன்றுக்கும் மணி அடித்துக்கொண்டு வந்தான். இளவரசன் என்றதும் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டான். ஆயர் காத்திருந்தார். நான் திரும்பி, "அடிடா, உன் கூட்டாளிதானே" என்றேன். அடித்தான்.

உன் கனவை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் சொன்னானே, அது நான்தான் அமலா. விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் தாய்ப் பேச்சைத் தட்டாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். கதவு வரை வந்தும் உள்ளே வர முடியாத பிள்ளையை வா வா என்று கூப்பிடுவது என்ன பாசம்?

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரிசி குழைந்துபோயிற்று. ஒரு சத்தமும் இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, கமலம் வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும், எதுவும் கேட்கவில்லை. எனக்குக் காது எவ்வளவு செவிடு என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். வராததற்குக் கோபம் காரணம் இல்லை. உனக்கு ஒரு சேலை கமலத்திடம் சொல்லி வாங்கியிருக்கிறேன், அரக்கு நிறம், டீச்சர் கையில் வரும். அதைக் கட்டிக்கொண்டு அந்தப் பையனோடு நன்றாக வாழ். ஜெயக்குமாருக்கு என் ஆசீர்வாதம் சொல்.

ஆனால் கல்யாணம் முடிந்து இரண்டு பேருமாகக் கும்பிட வருகிறோம் என்று இங்கே வந்துவிடாதே. கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். நீ வாசலில் வந்து நின்றால் உன் பின்னால் யார் வருகிறார்கள் என்று என் கண் முதலில் தேடும். அது அவன் இல்லை என்று தெரிந்ததும் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. ஒரு பாவமும் அறியாத அந்தப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டாம். கடிதமும் வேண்டாம் அமலா. உன் எழுத்தைக் கண்டால் நான் மறுபடியும் அவனைக் கூப்பிட்டுவிடுவேன்.

உன்னை என் வயிற்றில் பெறவில்லை. அதனால்தான் உன்னையாவது அனுப்ப முடிகிறது. போய் வா.

இப்படிக்கு,
காலஞ்சென்ற இளவரசனின் அம்மா,
சின்னம்மா